பெண் எலியின் ஓட்டத்தை ஒரே ஹார்மோன் தலையில் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில் எலித் தொல்லை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சம்பா பொதி கட்டுகிற நேரத்தில் இதைப் போட்டது நல்ல காரியம். கிட்டி என்ற எலிப்பொறி வைப்பது, வரப்பை அகலமில்லாமல் சிறுசாக வைப்பது, ஆந்தை உட்கார வயலில் குச்சி நடுவது எல்லாம் சரியாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் நடுவில் பெண் எலியைப் பற்றி இரண்டு பத்தி வருகிறதே, அதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதம். சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரந்தால் பெண் எலி ஓடும், சுரக்காவிட்டால் வளைக்குள் முடங்கிக் கிடக்கும், அதனால் அந்த ஒரு ஹார்மோனைக் கலைத்துவிடும் மருந்தைத் தீனியில் கலந்து வைத்தால் டெல்டாவில் எலிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிற மாதிரி முடித்திருக்கிறார்கள். முன்பாதி அரை உண்மை. பின்பாதி நம் ஊர் வாய்க்கால் தண்ணீருக்கே ஆபத்தான யோசனை. பல வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதாலும், வீட்டில் இன்னும் நெல் போடுகிறோம் என்பதாலும் இதைப் படித்துவிட்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

அரை உண்மை எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெண் எலி எல்லா நாளும் ஒரே அளவு ஓடுவதில்லை என்பது நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த வாங் என்ற ஆய்வாளர், கூண்டுக்குள் சுழலும் சக்கரம் வைத்து, வெள்ளைப் பெண் எலி தானாக எவ்வளவு ஓடுகிறது என்று நாள்தோறும் கணக்கெடுத்து 1923இல் வெளியிட்டார். நான்கு அல்லது ஐந்து நாளுக்கு ஒருமுறை அதன் ஓட்டம் திடீரென்று ஏறுகிறது, அப்புறம் இறங்கிவிடுகிறது. அந்த ஏற்றம் எலியின் சினைச் சுழற்சியோடு ஒத்துப்போகிறது, அதாவது முட்டை வெளிப்படுவதற்குச் சற்று முந்தைய இரவில்தான் ஓட்டம் உச்சத்தில் இருக்கிறது. சினைப்பையை எடுத்துவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் போய் ஓட்டமே வெகுவாகக் குறைந்துவிடும், ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் திரும்ப வரும். மாடு வளர்ப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பருவத்துக்கு வந்த பசு கட்டுத்தறியில் நிலைகொள்ளாமல் கத்துவதை யார்தான் பார்த்ததில்லை? பெரிய பால் பண்ணைகளில் மாட்டின் காலில் அடி எண்ணும் கருவியைக் கட்டி, நடை கூடுகிற நாளை வைத்தே சினை ஊசிக்கு நாள் குறிக்கிறார்கள்.

உங்கள் கட்டுரையாளர் இந்த இடத்தோடு நின்றுவிட்டார். விஷயமே இதற்கப்புறம்தான் இருக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் கொடுத்து ஓட வைத்த அதே எலிக்கு, சினைப்பையிலேயே சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரொஜெஸ்டிரோனையும் சேர்த்துக் கொடுத்தால் சக்கர ஓட்டம் குறைகிறது. சினையாக இருக்கும் எலி ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வதற்கும் இது ஒரு காரணம், அந்த மூன்று வாரமும் அதன் ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் தூக்கலாக இருக்கும். அப்படியானால் ஒன்று முடுக்கிவிடுகிறது, மற்றொன்று பிரேக் போடுகிறது, அவ்வளவுதானே என்று கேட்பீர்கள். அவ்வளவு இல்லை. இணை சேரும் நடத்தையில் இதே புரொஜெஸ்டிரோன் நேர் எதிர் வேலை செய்கிறது. 1930களில் கினிப் பன்றியிலும் எலியிலும் செய்த சோதனைகளில், சினைப்பை எடுத்த பெண் விலங்குக்கு வெறும் புரொஜெஸ்டிரோன் கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. முதலில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்து, ஒன்றிரண்டு நாள் விட்டு, அப்புறம் புரொஜெஸ்டிரோன் கொடுத்தால் சில மணி நேரத்திலேயே அது ஆணை ஏற்றுக்கொள்ளத் தயாராகிவிடுகிறது. எலியாக இருந்தால் குதித்துக் குதித்து ஓடும், சட்டென்று பாய்ந்து நிற்கும், காதுகள் படபடவென்று அடிக்கும். வேடிக்கை என்னவென்றால் அதே புரொஜெஸ்டிரோன் ஒரு நாள் கழிந்ததும் அந்த நடத்தையை அணைத்தும் விடுகிறது, அடுத்த ஊசிக்கு எலி முன்போல் அசைந்து கொடுப்பதில்லை. ஒரே பொருள், ஒரே எலி. எதற்குப் பிறகு வந்தது, எத்தனை மணி நேரம் ஆனது என்பதை வைத்து விளைவு மாறுகிறது.

இது ஏன் இப்படி என்பதற்கும் விடை உண்டு. ஹார்மோன் ரத்தத்தில் ஓடினால் மட்டும் போதாது, அதைப் பிடித்துக்கொள்ள மூளைச் செல்லில் ஏற்பி இருக்க வேண்டும். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியின் சில இடங்களில் புரொஜெஸ்டிரோனுக்கான ஏற்பியைச் செய்யச் சொல்வதே ஈஸ்ட்ரோஜன்தான். மேட்டூரில் திறந்துவிட்டாலும் கிளை வாய்க்கால் மதகு தூக்கவில்லை என்றால் கடைமடை வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் வராது என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். இங்கே மதகைத் தூக்கும் வேலையை ஒரு ஹார்மோன் செய்கிறது, பாயும் வேலையை இன்னொன்று செய்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் அளந்துவிட்டு எலியின் போக்கைச் சொல்ல முயன்றால் தப்பாகத்தான் போகும்.

தைராய்டும் இதில் வருகிறது. நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பாஃப் என்பவரின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் கொடுத்த பெண் விலங்குக்குத் தைராய்டு ஹார்மோனையும் அதிகமாகக் கொடுத்தபோது இணை சேரும் நடத்தை குறைந்தது. இரண்டின் ஏற்பிகளும் செல்லுக்குள் டிஎன்ஏவில் ஒரே மாதிரியான இடங்களைத் தேடிப் போய் உட்காருபவை, அதனால் ஒன்று மற்றொன்றின் வேலையில் குறுக்கிட முடியும் என்பது அவர்கள் தந்த விளக்கம். குளிர் காலத்தில் உடம்பைச் சூடாக வைக்கத் தைராய்டு கூடும்போது குட்டி போடும் வேலையைத் தள்ளிப்போட இது உதவலாம் என்றும் சொன்னார்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடாத வீடே தெருவில் இல்லை என்கிற காலத்தில், இந்த இரண்டு ஹார்மோனும் ஒன்றையொன்று தொடுகின்றன என்பதையாவது ஒரு நாளிதழ் எழுதியிருக்கலாம்.

மூளையில் எந்த இடம் என்பதும் முக்கியம். ஹைப்போதலாமஸின் முன்பக்கத்தில் ஒரு சிறு பகுதியில் ஈஸ்ட்ரோஜனை நேராக வைத்தாலே எலி சக்கரத்தில் அதிகம் ஓடுகிறது. அசைவுகளைச் சீர்படுத்தும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் வைத்தால் வேறொன்று நடக்கிறது: குறுகலான கட்டையின் மேல் நடக்கும்போது எலி கால் தவறுவது குறைகிறது. ஜில் பெக்கர் குழு 1987இல் காட்டியது இது, அங்கே டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளும் கூட்டு. 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹோலி இங்க்ராம் என்பவரின் ஆய்வகம் இன்னும் ஒரு படி போனது. ஹைப்போதலாமஸில் வேறொரு சின்னக் கூட்டம் நரம்புச் செல்களில், பசியோடும் உடல் எடையோடும் தொடர்புள்ள மெலனோகார்ட்டின் என்ற ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பியை ஈஸ்ட்ரோஜன் கூட்டிவிடுகிறது, அதனால்தான் பெண் சுண்டெலி ஈஸ்ட்ரோஜன் ஏறும் நாட்களில் துறுதுறுவென்று அலைகிறது என்று கண்டார்கள். அந்த ஏற்பியை மட்டும் மரபணு வழியில் தூண்டிவிட்டபோது, ஈஸ்ட்ரோஜன் இல்லாத எலியும் சுறுசுறுப்பானது. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு கனத்துப்போய் எழுந்து நடக்கவே அலுப்பாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னால், வயசாச்சு, சோம்பல் என்று வீட்டிலும் வெளியிலும் சொல்லிவிடுகிறார்கள். மனிதருக்கும் அப்படியே என்று நான் சொல்லவில்லை. எலியில் இவ்வளவு தெளிவாக ஒரு பாதை இருக்கும்போது, அந்தப் பெண் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு விசாரிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

குட்டி போட்ட எலியிடம் வந்தால் கணக்கு இன்னும் விரிகிறது. குட்டியே போடாத பெண் எலியின் முன்னால் பச்சைக் குட்டிகளை வைத்தால் அது முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் போகும், சில சமயம் தாக்கவும் செய்யும். பெற்ற எலியோ ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கூட்டுக்குள் கொண்டுபோய் வைக்கும். இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. சினைக்காலம் முழுக்க உயர்ந்திருந்த புரொஜெஸ்டிரோன் கடைசியில் சரிய வேண்டும், ஈஸ்ட்ரோஜன் ஏற வேண்டும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் கூட வேண்டும், பிரசவ நேரத்தில் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் மூளையிலும் வேலை செய்ய வேண்டும். டெர்கெல், ரோசன்பிளாட் என்ற இருவர் அப்போதுதான் குட்டி போட்ட எலியின் ரத்தத்தைக் குட்டி போடாத எலிக்கு ஏற்றி, அது ஒரு நாளுக்குள் தாயைப் போல நடந்துகொள்வதைக் காட்டினார்கள். ஆனால் அதே ரோசன்பிளாட் அதற்கு முன்பே, 1967இல், ரத்தமும் வேண்டாம் ஊசியும் வேண்டாம், குட்டிகளைக் கூடவே விட்டு வைத்தால் ஒரு வாரத்துக்குள் கன்னி எலியும், ஏன் ஆண் எலியும்கூட, குட்டியைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது என்று நிரூபித்திருந்தார். பாடம் எடுத்த காலத்தில் நான் எதைச் சொல்லாமல் விட்டாலும் இதை மட்டும் விட்டதில்லை. ஹார்மோன் அந்த வாசலைச் சீக்கிரம் திறக்கிறது, ஆனால் அதைத் திறக்கப் பழக்கத்தாலும் முடியும்.

இனி வயலுக்கு வருகிறேன். ஆய்வகத்து வெள்ளை எலியும் நம் வரப்பு எலியும் வேறு வேறு இனம், அங்கே கண்டதை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. இருந்தாலும் யோசிக்க வைக்கும் ஒன்று இருக்கிறது. ஹாம்ஸ்டர் என்ற கொறிவிலங்கில் செய்த சோதனைகளில், தீனி தாராளமாகக் கிடைக்கும்போது பெண் விலங்கு ஆணின் பக்கம் நேரம் செலவிட்டது. தீனியைக் குறைத்ததும் சுழற்சியின் மற்ற நாட்களில் தீனியைச் சேர்த்து வைப்பதிலேயே குறியாக இருந்தது, முட்டை வெளிப்படும் நாளில் மட்டும் பசியையும் விட்டுவிட்டு ஆணிடம் போனது. வயிற்று நிலவரத்தைச் சொல்லும் ஹார்மோன்களும் சினைப்பை ஹார்மோன்களும் மூளையில் சந்தித்துக்கொள்கின்றன என்பதைத்தானே இது காட்டுகிறது? வரப்பு எலியின் வளையை வெட்டினால் உள்ளே கதிர் கதிராக நெல் அடுக்கி வைத்திருப்பதை நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். பொதி கட்டும் பருவத்துக்கும் அறுவடைக்கும் இடையில் எந்த எலி அதிகம் அலைகிறது, எது சேர்க்கிறது, சினை எலியா, பால் கொடுக்கும் எலியா, இன்னும் பருவத்துக்கே வராத குட்டியா என்பது தெரிந்தால் கிட்டியை எந்த வாரம் எங்கே வைப்பது என்பதே மாறலாம். வளை வாயில் ஈர மண் புதிதாகத் தள்ளியிருந்தால் உள்ளே எலி இருக்கிறது என்று கிட்டி வைப்பவர் பார்த்ததும் சொல்லிவிடுவார், அந்த அறிவை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக நாம் யாரும் முயலவில்லை.

மயிலாடுதுறைப் பக்கம் கூகை கக்கிப் போடும் உருண்டைகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் எலும்பை வைத்து அது எந்தெந்த எலியைத் தின்றது என்று பார்த்த நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அப்படிப்பட்ட பொறுமையான வேலை இதற்கும் வேண்டும். எலிக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் கிட்டி வைக்கிறோம், விடிந்ததும் எண்ணிப் பார்த்துக் காசு கொடுக்கிறோம். அந்த நேரத்திலேயே ஆணா பெண்ணா, பெண் என்றால் சினையா, மடி பால் கட்டியிருக்கிறதா, நெல் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்தால் போதும். டெல்டா முழுக்கக் கல்லூரிகளில் விலங்கியல் துறை இருக்கிறது, ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு சம்பாப் பட்டத்துக்கு மாணவர்களை அனுப்பினால் கைக்கு வந்துவிடக்கூடிய விவரம் இது.

இப்போது அந்தத் தீனி மருந்து விஷயம். இதற்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன். சீனாவில் குயினெஸ்ட்ரால், லீவோனார்ஜெஸ்ட்ரல் என்ற இரண்டு செயற்கை ஹார்மோன்களைச் சேர்த்துத் தீனியில் வைத்து எலி இனப்பெருக்கத்தைக் குறைக்கப் பல சோதனைகள் செய்திருக்கிறார்கள். அங்கேயும் ஒன்று அல்ல, இரண்டைச் சேர்த்துத்தான் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முதலாவது உடம்புக்குள் போய் எத்தினைல் எஸ்ட்ராடையால் ஆக மாறக்கூடியது, பெண்களின் கருத்தடை மாத்திரையில் உள்ள அதே பொருள். அது தண்ணீரில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு சோதனையே நடந்திருக்கிறது. ஒண்டாரியோவில் ஆய்வுக்கென்று ஒதுக்கிய ஒரு ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகள், ஒரு லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் என்கிற நினைத்துப் பார்க்க முடியாத சிறு அளவில் இதைக் கலந்தார்கள். ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கான புரதம் உண்டாக ஆரம்பித்து, அந்த ஏரியின் ஒரு சிறு மீன் இனம் கிட்டத்தட்ட அழிந்தே போய்விட்டது. 2007இல் வெளியான முடிவு இது.

நம் வயல் எப்படிப்பட்டது? எலி வைத்த தீனியைத் தின்று மிச்சத்தை வரப்பில் சிந்தும், எச்சம் போடும், செத்து மிதக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் வயல் நிறைந்து வடிகாலில் வழிந்து குளத்துக்கும் ஆற்றுக்கும் போகும். அந்தத் தண்ணீரில்தான் கெண்டையும் விராலும் வளர்கின்றன, அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்கிறது, அந்த எலியைத்தான் கூகை தின்கிறது. சீனத்துப் புல்வெளியில் பார்த்ததை வைத்துக் கொண்டு தண்ணீர் நிற்கும் நஞ்சையில் இது நடக்கும் என்று எழுதுவதற்கு முன்னால் யாரையாவது கேட்டிருக்க வேண்டாமா? விவசாயிகள் பத்திரிகையில் வந்ததை நம்புகிறவர்கள், நாளைக்கே மருந்துக் கடையில் போய் அந்த ஹார்மோன் பொடி இருக்கிறதா என்று கேட்பார்கள், அந்தப் பெயரில் எதையாவது விற்கவும் ஆள் வரும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பெண் விலங்கைச் சோதனைக்கு எடுத்தால் சுழற்சி வந்து முடிவைக் குழப்பும் என்று சொல்லியே நெடுங்காலம் ஆய்வகங்கள் ஆண் எலிகளை மட்டும் வைத்துக்கொண்டிருந்தன. நரம்பியல் ஆய்வுகளில் ஆண் விலங்கை மட்டும் வைத்துச் செய்தவை, பெண்ணை மட்டும் வைத்துச் செய்தவற்றைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் என்று 2011இல் பீரி, சக்கர் என்ற இருவர் கணக்கெடுத்துக் காட்டினார்கள். சுழற்சியைப் பார்க்காமல் எடுத்த பெண் சுண்டெலிகளின் முடிவுகள் ஆண்களின் முடிவுகளைவிட அதிகம் சிதறுவதில்லை என்று 2014இல் இன்னொரு ஆய்வு, நூற்றுக்கணக்கான பழைய கட்டுரைகளைத் திரட்டிச் சொன்னது. குழப்பும் என்ற அந்தப் பயத்துக்கே அடிப்படை இல்லை. அந்தப் பழக்கத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடம்பில் மெதுவாகக் கரைந்து மறுநாள் காலை வரை தங்குகிறது என்று, அது சந்தைக்கு வந்து இருபது வருஷம் கழித்து 2013இல்தான் அமெரிக்க மருந்து அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகப் பாதியாக்கியது. 2016 முதல் அந்த நாட்டு அரசு நிதியில் விலங்கு ஆய்வு செய்பவர்கள் ஆண், பெண் இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதி வந்தது.

பெண்ணின் உடம்பு ஒரே ஒரு ஹார்மோனின் பிடியில் ஆடுகிறது என்கிற எண்ணம் உங்கள் கட்டுரையிலும் இருந்தது. எலியில் இப்படி எழுதினால், அதைப் படிக்கிற பையன் வகுப்பில் கூடப் படிக்கிற பெண்ணிடம் ஹார்மோன் ஏறிடுச்சா என்று கேட்பான். என் வகுப்பிலேயே இது நடந்திருக்கிறது. அந்தப் பெண் அன்று முழுக்க வாயே திறக்கவில்லை.

தயவுசெய்து அடுத்த வாரமே, அதே வேளாண் பக்கத்தில், ஹார்மோன் தீனி பற்றிய அந்த வரிகளுக்குத் திருத்தம் போடுங்கள். மூலையில் சின்ன எழுத்தில் வேண்டாம், கட்டுரை வந்த அளவுக்குப் பெரிதாகவே போடுங்கள். வயல் எலியின் இனப்பெருக்கம் தெரிந்த ஒருவரையும், மீன்வளம் தெரிந்த ஒருவரையும் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள். கிட்டி வைப்பவர் ஒருவரிடமும் பேசச் சொல்லுங்கள், பாபநாசம், அம்மாபேட்டை பக்கம் இன்னும் நல்ல கை உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.